மூடிய பள்ளியைத் திறந்த பழைய மாணவர்



நான் அதிபராய் இருந்த காலத்தில், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தமிழிலக்கிய வரலாற்று நூலொன்றைக் கையில் ஏந்தியவண்ணம் என் அறைக்கு வந்தாள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை என்னும் நான்கு பெயர்களின் கீழே பென்சிலாற் கோடிட்டிருந்தாள். “சேர், ஆட்கள் தமிழ் ஆட்கள். முன்னுக்கு நிற்கிற பெயர் மட்டும் ஏன் வெள்ளைக்காரருடைய பெயர்?” என்று கேட்டாள். விடை சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. பாடசாலை மணிக்கு அதிபரும் அடிமையே. அன்று அரைகுறையாய்ச் சொல்லி அனுப்பிய விடையை இன்று முழுமையாகச் சொல்ல வானொலி நிலையத்தார் எனக்கு வாய்ப்பளித்திருக்கிறார்கள்.

அந்த நால்வரும் ஒரே பள்ளியிற் படித்தவர்கள். யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, வயலும் பனையும் சூழ்ந்த வட்டுக்கோட்டையில் இருந்த பள்ளி அது. அதனை நடத்தியவர்களே ஒருநாள் அதனை இழுத்து மூடினார்கள். அங்கே படித்தவர்கள் அதனை மீண்டும் திறப்பித்தார்கள். பழைய மாணவர் தம் பள்ளிக்குக் கைம்மாறு செய்த கதைகள் பல உண்டு. கட்டடம் கட்டிக் கொடுப்பார், பரிசில் நிதி வைப்பார், நூலகத்துக்குப் புத்தகம் அளிப்பார். ஆனால், இல்லாமற்போன பள்ளிக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? அந்தக் கேள்விக்கு வட்டுக்கோட்டையார் கண்ட விடையே இன்றைய பேச்சின் பொருள்.

அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் 1810ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அமெரிக்க மிஷன் சபையைச் சேர்ந்த பாதிரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையில் அமெரிக்கருக்கு ஏன் இடம் கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். தலைநகரை விட்டு விலகிய வடபுலத்தில் இவர்கள் இருந்தால் தொல்லை இல்லை என்று ஆட்சியாளர் கருதியிருக்கவேண்டும். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஒல்லாந்தர் காலத்துப் பழைய தேவாலயங்கள் பாழடைந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டுக் குடியேறினர். ஊர்தோறும் சிறு தமிழ்ப் பள்ளிகளைத் தொடங்கினர். பின்னர், அப்பள்ளிகளிலே திறமை காட்டிய சிறுவரைத் தேர்ந்தெடுத்து உயர்கல்வி கொடுக்கும் எண்ணத்தோடு 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்பள்ளியை நிறுவினர்.

அதனைக் கல்லூரி என்றே அழைக்க விரும்பினர். ஆனால் அமெரிக்கர் கையில் கல்லூரி என்னும் பெயரும் உரிமைப் பத்திரமும் இருப்பதை ஆங்கிலேய அரசாங்கம் விரும்பவில்லை. ஆகவே செமினரி என்ற பெயரோடு அமைதி கொண்டனர். பெயர்தான் சிறிது, பாடம் சிறிதன்று. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றோடு நன்னூலும் திருக்குறளும் கற்பிக்கப்பட்டன. முதல் தலைவர் டானியல் பூவர். பூவர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏழை என்பது பொருள். ஆனால் மனிதர் அறிவில் ஏழை அல்லர். பஞ்சாங்கக் கணிப்பையும் மேனாட்டு வானநூற் கணிப்பையும் ஒருங்கே வைத்து, சந்திர கிரகணத்தை மாணவரைக்கொண்டே பார்த்துச் சரிபிழை காணச் செய்தவர் அவர். புத்தகத்தில் உள்ளதை நம்பாதே, வெளியே சென்று வானத்தைப் பார் என்று 1820களில் ஓர் ஆசிரியர் மாணவருக்குச் சொன்னார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவருக்குப் பின் 1836 தொடங்கிப் பள்ளியை நடத்திய ஹொய்சிங்டன், சைவ சித்தாந்த நூல்களைப் பயின்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். எதிர்க்க வந்த சமயத்தின் நூலை இவ்வளவு பொறுமையுடன் கற்றவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

இனி அம்மாணவி கேட்ட பெயருக்கு வருகிறேன். செமினரியில் மாணவர் விடுதியிலே தங்கி உண்டு படித்தனர். அதற்குரிய செலவை அமெரிக்காவில் உள்ள அன்பர்கள் ஏற்றனர். ஒருவர் ஆண்டுதோறும் ஒரு பிள்ளைக்கான பணத்தை அனுப்பினால், அப்பிள்ளைக்குத் தம் பெயரையோ, தாம் மதிக்கும் ஒரு பெரியவரின் பெயரையோ இடும்படி கேட்கலாம். அவ்வாறு இடப்பட்டவையே இப்பெயர்கள். கடல் கடந்து, முகம் அறியாத ஒருவர் உண்பித்த சோற்றின் கணக்கை இவர்கள் தங்கள் பெயரிலேயே சுமந்தனர். இது பெருமையா, சிறுமையா என்று இன்று நீங்கள் வாதிடலாம். எனக்கும் அதில் ஒரு கூச்சம் உண்டு. தந்தை இட்ட பெயருக்கு முன்னே மற்றொருவன் பெயரை ஏற்றுவது கல்விக்கு விலை கூறுவது போன்றதே. ஆனால் அவர்களுட் பலர் வளர்ந்தபின்பும் அந்தப் பெயரைக் களைந்துவிடவில்லை என்பதையும், அதனருகே தமிழ்ப் பெயரை விடாமல் எழுதிவந்தனர் என்பதையும் குறிக்கவேண்டும்.

பள்ளியின் பயன் விரைவில் வெளிப்பட்டது. 1841 சனவரியில் யாழ்ப்பாணத்தில் உதயதாரகை என்ற பத்திரிகை தோன்றியது. தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்த அப்பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர். பெயரைக் கொண்டு அமெரிக்கர் என எண்ணிவிடாதீர்கள். இருவரும் செமினரியிற் கற்ற தமிழர்களே. கரல் விசுவநாதபிள்ளை வீசகணிதம் என்னும் அட்சரகணித நூலைத் தமிழில் எழுதி 1855இல் வெளியிட்டார். ஆங்கிலத்திற் கற்ற கணிதத்தைத் தாய்மொழியிலே பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்த முயற்சி அது. இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனென்ற் இப்பள்ளியைப் பார்த்தபின், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்ற கருத்துப்பட எழுதினார். வந்தவர் புகழ்ந்தார், படித்தவர் பயன்பட்டனர்.

நடத்தியவர் மாத்திரம் மகிழவில்லை.

ஏன்? பள்ளியை அமைத்தவர்களின் நோக்கம் கிறித்தவ போதகரை உருவாக்குவது. வந்த மாணவரின் நோக்கம், குறிப்பாக அவர்தம் பெற்றோரின் நோக்கம், ஆங்கிலம் கற்பது. ஆங்கிலம் கற்றவனுக்குக் கச்சேரியிலே உத்தியோகம் இருந்தது. கடல் கடந்து இந்தியாவிலும் உத்தியோகம் இருந்தது. மாணவரிற் பலர் சைவராகவே வந்து, சைவராகவே கற்று, சைவராகவே வெளியேறினர். கிறித்தவரானவர்களிலும் சிலர் பின்னர்ப் பழைய சமயத்துக்குத் திரும்பினர். போதகராகி ஊர் ஊராய்ச் செல்வதைவிட அரசாங்க மேசையின் முன் அமர்வதையே பலர் விரும்பினர். அமெரிக்காவிலே பணம் கொடுத்தவர்கள், நாங்கள் கொடுத்தது எழுதுவினைஞரை ஆக்குவதற்கா என்று கேட்கத் தொடங்கினர்.

மிஷன் சபையின் வெளிநாட்டுச் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் என்பவர். அறிவாளி; தம் கொள்கையில் உறுதி மிக்கவர். ஊர்மக்களின் மொழியிலேயே போதிக்கவேண்டும், ஊர்ச் சபைகள் தம் காலிலேயே நிற்கவேண்டும், ஆங்கிலக் கல்வி மாணவரை மக்களிடமிருந்து பிரித்துவிடுகிறது என்பன அவர் கொள்கைகள். 1855இல் அவர் நேரில் வந்து பார்வையிட்டார். அந்த ஆண்டிலேயே செமினரி மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டு நடந்த பள்ளி! பின்னாளிலே தமிழ் மூலம் போதகரையும் ஆசிரியரையும் பயிற்றும் சிறு பள்ளி ஒன்று அதன் இடத்தில் அமைந்தது.

இவ்விடத்தில் நான் ஒரு பக்கம் சாய்ந்து பேசலாகாது. தாய்மொழியிலே கற்பிக்கவேண்டும் என்று அண்டர்சன் கூறியதை, ஆயுள் முழுவதும் தமிழிற் கற்பித்த நான் குறை கூறமாட்டேன். பள்ளிக்கூடம் என்பது உத்தியோகத்துக்கு ஏணி அன்று என்று அவர் கூறியதும் உண்மையே. அவர் தவறியது வேறோர் இடத்தில். ஒரு பள்ளியின் விளைவை, அங்கிருந்து வெளியேறிய பிள்ளை இருபது வயதில் என்ன செய்கிறான் என்பதைக் கொண்டு அளந்துவிட்டார். நெல்லுக்கு அந்த அளவு பொருந்தலாம், பனைக்குப் பொருந்துமா?

பள்ளி மூடி இரண்டு ஆண்டு செல்லவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி.ஏ. தேர்விலே தேறியவர்கள் இருவர். தென்னிந்தியா முழுவதிலும் இருந்த பள்ளிகளையெல்லாம் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்தவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர். விசுவநாதபிள்ளையோ அங்கே ஆசிரியராகவும் இருந்தவர். பல்கலைக்கழகம் திறந்த வேளையில் அதற்கு முதற் பட்டதாரிகளைக் கொடுத்த பள்ளியின் கதவு பூட்டிக் கிடந்தது. வரலாற்றிலே இத்தகைய வேடிக்கைகள் அடிக்கடி நிகழ்வதில்லை.

மூடிய பின் சில ஆண்டுகள் பழைய மாணவர் வாளாவிருந்தனர் என்றே தோன்றுகிறது. பலர் இளைஞர், தொழில் தேடி அலைந்த காலம். 1860களின் நடுவில் நிலைமை மாறியது. அவர்கள் நியாயவாதிகளாகவும், ஆசிரியராகவும், அரசாங்க உத்தியோகத்தராகவும், போதகராகவும் நிலைபெற்றுவிட்டனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளிப் பருவம் எய்தினர். தாம் பெற்ற கல்வியைத் தம் பிள்ளைகள் பெற இடமில்லையே என்ற கவலை எழுந்தது. நன்றியுணர்ச்சி ஒன்றே அவர்களை எழுப்பியது என்று நான் கூறினால் அது புராணமாகும், வரலாறு ஆகாது. நன்றியும் இருந்தது, தேவையும் இருந்தது. உள்ளூர ஒரு மனக்குறையும் இருந்திருக்கவேண்டும். தங்கள் பள்ளி மூடப்பட்டதன் பொருள் என்ன? அங்கே படித்த நீங்கள் பயனற்றவர்கள் என்பதுதானே? அந்தத் தீர்ப்பை ஏற்க அவர்கள் உடன்படவில்லை.

1867இல் யாழ்ப்பாணத்துக் கிறித்தவர்கள், செமினரியின் பழைய மாணவர் முன்னின்று நடத்த, கூடி ஆலோசித்தனர். உயர்கல்லூரி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தனர். ஆனால் பழையபடி மிஷனே நடத்தட்டும் என்று விண்ணப்பம் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. இதுவே நீங்கள் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி. முன்னே பள்ளி முழுவதும் கொடையாய் வந்தது. கொடுத்தவர் கையை மடக்கியதும் நின்றுபோயிற்று. ஆகவே புதிய கல்லூரி மிஷனின் நேர் ஆட்சிக்குப் புறம்பாய், தனக்கெனத் தனி நிருவாக சபை உடையதாய் இருக்கவேண்டும், அச்சபையில் அமெரிக்கரோடு நாட்டவரும் அமரவேண்டும் என்று கருதினர். ஊரவர் தம்மால் இயன்ற பொருளைத் தர ஒருப்பட்டனர். போதாததற்கு அமெரிக்க அன்பர்களை நாடினர். பாதிரிமாரிற் பலரும் இதற்குத் துணை நின்றனர். மேலிடத்து முடிவால் அவர்களுள்ளும் மனம் நொந்தவர் இருந்தனர் போலும்.

ஐந்து ஆண்டுகள் இழுபட்டன. இந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கல்லூரி வேண்டும் என்று ஒரு நாளிலே தீர்மானம் நிறைவேற்றலாம். அடுத்த நாள் பணம் கேட்டுப் படலை படலையாய்ச் செல்லவேண்டும். அனுபவித்தவனுக்கே அது தெரியும். 1872ஆம் ஆண்டு சூலை மாதத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயருடன் வட்டுக்கோட்டையில், பழைய செமினரியின் வளவிலேயே, பள்ளி மீண்டும் திறந்தது. யூரோற்றஸ் ஹேஸ்ரிங்ஸ் என்னும் அமெரிக்கப் பாதிரியார் அதிபரானார். முன்னே அரசாங்கம் மறுத்த கல்லூரி என்ற பெயர் இப்போது வாயிலிலே ஏறியது. பழைய நாளிலே செமினரிக்கு உதவிய ஒட்லி என்னும் ஆங்கிலேய நீதிபதியின் பெயரைத் தாங்கிய மண்டபத்திலே மீண்டும் பாடம் நடந்தது. யாழ்ப்பாணக் கல்லூரி இன்றும் அதே இடத்தில் நடைபெறுகிறது. வட்டுக்கோட்டைப் பக்கம் போகும்போது உள்ளே சென்று பாருங்கள்; பழைய சுவர்களின் தடிப்பே உங்களுக்குப் பல செய்திகளைச் சொல்லும்.

பொருள் கொடுத்தவர் ஒருபுறமிருக்க, உழைப்பைக் கொடுத்தவர்களையும் கூறவேண்டும். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1820இற் பிறந்தவர், செமினரி மாணவர். உதயதாரகையின் ஆசிரியராகப் பல்லாண்டு இருந்தார். புதிய கல்லூரியிலே தமிழ் கற்பித்தார். 1886இல் பாவலர் சரித்திர தீபகம் என்ற நூலை வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துரைத்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று. இன்று நீங்கள் பரீட்சைக்குப் படிக்கும் புலவர் வரலாறுகளிற் சில, தாம் கற்ற வளவுக்கே ஆசிரியராய்த் திரும்பி வந்த அந்த ஒருவரின் முயற்சிக்குக் கடன்பட்டவை.

எல்லோரும் வட்டுக்கோட்டைக்கே திரும்பவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, செமினரியிற் கற்ற கல்வியைக் கொண்டு 1880களின் பிற்பகுதியில் யாழ்ப்பாண நகரிலே ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியே 1890இல் சைவ பரிபாலன சபையாரின் கைக்கு வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அவர் மகன் நெவின்ஸ் செல்வத்துரை அதன் அதிபராய் நெடுங்காலம் விளங்கினார். அமெரிக்கக் கிறித்தவர் போட்ட விதையிலிருந்து யாழ்ப்பாணத்துச் சைவரின் தலைசிறந்த கல்லூரி முளைத்தது என்றால், செமினரியை மூடியவர் கேட்டு என்ன சொல்லியிருப்பார்? தோல்வி என்பார். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கணக்கிலே பார்த்தால் அதனை நான் தோல்வி என்னமாட்டேன்.

தாமோதரம்பிள்ளையின் கதை இன்னும் வியப்புடையது. கிறித்தவ சூழலில் வளர்ந்து, செமினரியிற் கற்று, சைவத்துக்குத் திரும்பியவர். சென்னையிலே உத்தியோகம் பார்த்தார். புதுக்கோட்டையிலே நீதிபதியாயும் இருந்தார். அண்டர்சன் எவ்வகை மாணவனைக் கண்டு மனம் கசந்தாரோ, அவ்வகைக்கு இவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் இவர் செய்தது என்ன? செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும், 1889இல் சூளாமணியையும் அச்சேற்றினார். ஆங்கிலக் கல்வி மாணவரை மக்களின் மொழியிலிருந்து பிரித்துவிடும் என்ற அச்சத்தால் மூடப்பட்ட பள்ளியின் மாணவரே, அழியவிருந்த தமிழ் நூல்களை மீட்டார். வைமன் கதிரவேற்பிள்ளையும் அவ்வாறே. நீதவானாய் இருந்துகொண்டு பேரகராதி ஒன்றைத் தொகுத்தார். அவர் 1904இல் மறைந்தபின் அதனை மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் 1910 முதல் மூன்று பாகங்களாய் வெளியிட்டனர்.

நிற்க. இவ்வளவையும் நான் பழங்கதையாகவே படித்து, பழங்கதையாகவே வகுப்பிற் சொல்லிவந்தேன். பின்னொருநாள் அது என்னையே வந்து தொட்டது. அதனைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும் மாணவர் கேட்கும் பேச்சில் ஆசிரியரின் தவற்றை மறைப்பது முறையன்று.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் போரின் காரணமாக வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. நானும் வெளியேறினேன். அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் நாங்கள் திரும்பி வந்தபோது, நான் கற்பித்துவந்த பள்ளியின் பெரிய மண்டபத்துக்கு முகடு இல்லை. தீராந்தி முறிந்து, சிலாகை உக்கி, ஓடுகள் நிலத்திலே நொறுங்கிக் கிடந்தன. மேசை, வாங்கு யாவும் விறகாகிவிட்டன. நான் அப்பொழுது பதில் அதிபர். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவருக்குக் கடிதம் எழுதினேன். தபால் கப்பலில் போய்த் திரும்பும் காலம் அது. விடை வரப் பல மாதம் ஆகும். மாரி இரண்டு மாதத்தில் வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை, வளவிலே யாரோ ஓடுகளைப் பொறுக்கி அடுக்கும் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தேன். மேசன் வேலை செய்யும் ஒருவர், கூட இருவர். முழு ஓடு ஒருபுறம், உடைந்த ஓடு ஒருபுறமாய்ப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முகம் எங்கோ பார்த்ததாய் இருந்தது. “சேர், மாரிக்கு முன்னம் ஓட்டைப் போட்டு முடிப்பம். மற்றக் கதையைப் பிறகு வைச்சுக்கொள்ளுவம்” என்றார். கூலி பேசவில்லை. ஆறு வாரம், வேலை இல்லாத நாட்களிலெல்லாம் வந்தார். மரத்தை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. மண்டபத்தின் பாதிக்கு மேல் முகடு வந்தது. மாரிக்கு முதல் மழை விழுந்த அன்று சிறிய வகுப்புப் பிள்ளைகளை அதன் கீழே இருத்திப் பாடம் நடத்தினோம்.

அதன்பின் ஒருநாள், நனைந்து ஊதிப்போயிருந்த அலுமாரியைத் துப்புரவு செய்தபோது விடுகைப் பத்திரங்களின் அடித்துண்டுப் புத்தகம் கிடைத்தது. காயவைக்க ஒவ்வொரு தாளாய் விரித்தேன். அவர் பெயர் இருந்தது. பத்தாம் வகுப்பிலே நின்றுவிட்டவர். குறிப்பு என்ற இடத்தில், “கல்வியில் நாட்டம் இல்லை. பாடசாலைக்குப் பயனற்றவர்” என்று எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து என்னுடையது, வகுப்பாசிரியராய் இருந்த நாளில் நான் எழுதியது. பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதிவிட்டு, மறந்தும்போனேன்.

வட்டுக்கோட்டைச் செமினரியை மூடியவரைக் குறித்து நான் வகுப்பிலே எத்தனையோ முறை குறை கூறிப் பேசியிருக்கிறேன். அந்தத் தாளைக் கண்ட நாளுக்குப் பின் அவரைக் குறித்துக் குரல் உயர்த்திப் பேசுவதில்லை.

பிற்காலத்தில் வெளிநாட்டுப் பழைய மாணவரின் உதவி தாராளமாகவே வந்தது. அதனைச் சிறுமைப்படுத்தமாட்டேன், அவர்கள் அனுப்பியதிலேதான் விஞ்ஞான கூடமும் கிணற்றுக்கு இயந்திரமும் அமைந்தன. ஆனால் ஒருமுறை, நன்கொடையாளர் பெயர் பொறித்த வாயில் வளைவு ஒன்றையே கட்டவேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். அந்த ஆண்டு எங்களுக்குக் கணித ஆசிரியர் இல்லை. வளைவுப் பணத்தில் ஒரு பகுதியையேனும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வேதனமாய்க் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஆசிரியருக்குப் பெயர்க்கல் வைக்க முடியாதே என்று ஒருவர் சிரித்தபடி எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து வேறொரு பழைய மாணவி, பெயர் வெளியிடவேண்டாம் என்ற நிபந்தனையுடன், அந்த வேதனத்தை ஏற்றுக்கொண்டார். வளைவும் கட்டப்பட்டது. அது நன்றாகவே இருக்கிறது. மழைக்கு அதன் கீழே பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதுண்டு.

அந்த மேசன் தம் மகளை ஆறாம் வகுப்பிற் சேர்க்க வந்தார். நான் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தந்தை கற்ற பாடசாலை என்ற கட்டம் வந்தது. “இங்கைதான், சேர். ஆனா முடிக்கேல்லை. அதையும் எழுதவேணுமோ?” என்று கேட்டார். எந்த வகுப்புவரை என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. நான் பள்ளியின் பெயரை எழுதி, பழைய மாணவர் என்று பக்கத்திலே குறித்து, கையொப்பமிட்டு அவரிடம் கொடுத்தேன்.